எந்தக் குறிச்சி எண்டு நான் கேட்டது

ராசா,

நீ சுகமோ எண்டு கேக்க எனக்கு இப்ப முகமில்லை, ஆனபடியால் அதை விட்டிட்டு நேரை விசயத்துக்கு வாறன். போன மாதம் நீ ஒஸ்லோவிலை எங்கட மோர்டென்ஸ்ருட் வீட்டுக்கு வந்து, சப்பாத்துக் கழட்டாமல் கதவடியிலை நிண்டுகொண்டு, "அம்மா, நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?" எண்டனீ. நான் வாய் திறக்க முதல் திரும்பித் தேபான ரயில் ஸ்டேசனுக்கு நடந்திட்டாய். அண்டையிலையிருந்து நான் போன் அடிச்சால் எடுக்கிறாயில்லை. அப்பா அடிச்சால் மட்டும் "ஓம், இல்லை" எண்டு முடிக்கிறாய். உன்ர கேள்விக்கு மறுமொழி சொல்லத்தான் இதை எழுதுறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போன பிள்ளை நீ, இதை வாசிச்சு முடிக்க உனக்குக் கனநேரம் எடுக்கும். எடுக்கட்டும். நோர்வேஜியத்திலை எழுதினால் எனக்கு லேசு, ஏனெண்டால் அந்தப் பாசையிலை எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வேலையிடத்து மரியாதைச் சொல்லுகள்தான். இந்தக் கதையை மரியாதையாய்ச் சொல்ல ஏலாது.

இதை எங்கட ஆக்களும் வாசிக்கட்டும் எண்டு, நீ கட்ட இருந்த பினிதாவிட்டைப் போனிலை கேட்டுத்தான் எழுதுறன். "எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு இனி என்ன, பேரைப் போட்டே எழுதுங்கோ" எண்டவள். அவளை நீ முதல் முறை கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு, அது பொய்யில்லை. நேபாளத்திலையிருந்து படிக்க வந்து, ஆசுப்பத்திரி லாபிலை வேலை எடுத்து, தன்ர காலிலை நிண்ட பெட்டை. வந்த உடனை குசினிக்குள்ளை பூந்து, அடுப்பிலை கொதிச்ச கறியை அகப்பையிலை எடுத்து உள்ளங்கையிலை விட்டு ருசி பாத்திட்டு, "இன்னும் கொஞ்சம் உறைப்புப் போடலாம், ஆன்ட்டி" எண்டவள். யாழ்ப்பாணத்துக் கறிக்கு உறைப்புக் காணாது எண்டு சொல்ல ஒரு துணிவு வேணும். நானும் அவளும் கதைக்கிறது நோர்வேஜியம், ரண்டு பேரும் பிழை பிழையாய்க் கதைக்கிறபடியால் ஒருத்தரை ஒருத்தர் நல்லாய் விளங்கிக்கொண்டம். கலியாணம் புரட்டாசியிலை எண்டு முடிவாகி, எங்கட கத்தோலிக்கக் கோயில் சுவாமியாருக்கும் சொல்லியாச்சு. பிறகு என்னத்துக்கு இந்த மனுசி விசாரிக்க வெளிக்கிட்டவ எண்டுதானே உன்ர கேள்வி.

எங்கட ஆக்கள் ஒருத்தரைப் பாத்து "நீ என்ன சாதி?" எண்டு கேக்க மாட்டினம். அது மரியாதை இல்லை. "எந்த ஊர்?" எண்டு கேப்பினம். ஊரைச் சொன்னால், "அங்கை எந்தக் குறிச்சி?" எண்டு கேப்பினம். ஊரிலை எந்தக் குறிச்சியிலை எந்த ஆக்கள் இருக்கிறவை எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனபடியால் குறிச்சியைச் சொன்னால் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கத் தேவையில்லை, சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். எல்லாரும் கடவுளின்ர பிள்ளையள் எண்டு கோயிலுக்குள்ளை பாடுறனாங்கள். பாடி முடிச்சு வெளியிலை வந்து குறிச்சி கேக்கிறனாங்கள். ரண்டும் ஒரே வாய்தான். பூசை முடிஞ்சு கோப்பி குடிக்கேக்கை மாதர் சங்கத்து மனுசிமார் என்னைச் சுத்தி நிண்டு, "நேபாளப் பொம்பிளையாமே, அவை என்ன ஆக்கள்?" எண்டு கேட்டினம். "நேபாளத்தாக்கள்" எண்டு சொல்லி நான் சமாளிச்சிருக்கலாம். சமாளிக்கேல்லை, ஏனெண்டால் எனக்கும் அறிய ஆசை இருந்தது.

என்னோட முதியோர் இல்லத்துக் குசினியிலை வேலை செய்யிற அம்பிகாவை நீ கண்டிருக்கிறாய். நேபாளத்து மனுசி, பேரைக் கேட்டால் எங்கட மானிப்பாய்ப் பக்கத்து ஆள் மாதிரி இருக்கும். இடைவேளையிலை அவவோட இருந்து பாண் சாப்பிடேக்கை, என்ர மகன் கட்டப்போறது உங்கட நாட்டுப் பிள்ளையை, கிமிரே எண்டு குடும்பப் பேர், அவை என்ன ஆக்கள் எண்டு கேட்டன். அம்பிகாவின்ர முகம் மலர்ந்துது. "கிமிரேயோ? பிராமணர், அக்கா. எங்கட ஆக்கள்" எண்டா. ராசா, அந்த நிமிசம் எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. ஞானஸ்நானம் எடுத்து, செபமாலை உருட்டுற மனுசிக்கு, மகனுக்குப் பிராமணப் பொம்பிளை எண்டதும் ஏன் உச்சி குளிர வேணும்? எனக்கு விளங்கேல்லை, ஆனால் குளிர்ந்தது. அடுத்த ஞாயிறு மாதர் சங்கத்திலை அதைச் சொல்லியும் போட்டன், ஏதோ நானே நாடு நாடாய்த் தேடிப் பிடிச்ச சம்பந்தம் மாதிரி.

அதோட நிப்பாட்டியிருந்தால் ஒருத்தருக்கும் ஒண்டும் வந்திராது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி எண்டு சொல்லுவினமே, அந்த ஆண்டி நான்தான். அம்பிகா, "அவை எந்த ஊர்க் கிமிரே?" எண்டு கேட்டா. எங்கட ஆக்கள் கேக்கிற மாதிரியே கேட்டா. பினிதா ஒருநாள் எனக்கு வெங்காயம் உரிச்சுத் தந்துகொண்டு, தன்ர ஊரின்ர பேரும், மலைச் சரிவிலை கீழாலை இருக்கிற தங்கட குறிச்சியின்ர பேரும் ஆசையாய்ச் சொன்னவள். அங்கை ஒரு பெரிய ஆலமரம் எண்டும் சொன்னவள். என்ர நாக்கு அதை அப்பிடியே கொண்டுபோய் அம்பிகாவின்ர கையிலை குடுத்தது. அம்பிகா ஊருக்குப் போன் அடிச்சு விசாரிச்சிருக்கிறா.

அடுத்த கிழமை அவ என்ர கையைப் பிடிச்சுத் தனிய கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா. "அக்கா, அந்தக் கீழ்க் குறிச்சியிலை ஒரு பிராமணரும் இல்லை. அவை இரும்படிக்கிற ஆக்கள், தலித். கிமிரே எண்ட பேர் அவையிலையும் இருக்கு. நல்லகாலம் கேட்டீங்கள், உங்களை ஏமாத்தப் பாத்திருக்கிறா." நான் தலையாட்டினன். நெஞ்சு ஒருக்கால் கீழை விழுந்தது உண்மை. அந்த நாட்டுச் சாதி மேலையெண்டால் எங்களுக்கென்ன, கீழையெண்டால் எங்களுக்கென்ன எண்டு பிறகு என்னை நானே கேட்டன். ஆனால் மேலை எண்டேக்கை சந்தோசப்பட்டவளுக்கு, கீழை எண்டேக்கை துக்கப்படாமல் இருக்க ஏலுமோ? பினிதா ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. அவளின்ர பாஸ்போட்டிலை இருக்கிற பேர் அது, அவளின்ர தேப்பன்ர பேர் அது. கிமிரே எண்டதைக் கேட்ட உடனை அவள் பிராமணத்தி எண்டு தாங்களாய் முடிவெடுத்திட்டு, பிறகு அவள் பொய் சொன்னவள் எண்டினம்.

ஒஸ்லோவிலை இருக்கிற நேபாளச் சங்கத்திலை அவள்தான் செயலாளர். மண்டபம் எடுக்கிறது, பெருநாளுக்குச் சமையல் ஒழுங்கு பண்ணுறது, புதுசாய்ப் படிக்க வாற பிள்ளையளை விமான நிலையத்திலை போய்க் கூட்டிக்கொண்டு வந்து, வீடு கிடைக்கும் வரைக்கும் தன்ர அறையிலை படுக்க விடுறது, எல்லாம் அவள்தான். இந்த வருசத்து ஆண்டுக் கூட்டத்திலை அவளைத் தலைவராக்கிறது எண்டு முதலிலையே கதைச்சு வைச்சிருந்தவை. அம்பிகாவும் அந்தச் சங்கந்தான். அவ ஊருக்கு எடுத்த போன் இஞ்சை எல்லா வீட்டுக்கும் கேட்டிட்டுது. ஒருத்தரும் பினிதாவை ஏசேல்லை, ராசா. ஏசியிருந்தால் அவள் திருப்பி ஏசலாம். பார்க்கிலை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்ட அண்டைக்கு, எப்பவும் அடிபட்டு முடிக்கிற அவளின்ர தக்காளி அச்சார் போத்தல், மூடி திறபடாமல் அப்பிடியே திரும்பி வந்தது. "எனக்கு வயித்துக்குச் சரியில்லை" எண்டு ஒருத்தி, "நான் இப்ப உறைப்பு விட்டிட்டன்" எண்டு இன்னொருத்தி. எல்லாருக்கும் ஒரே நாளிலை வயிறு பிழைச்சுப் போச்சு.

பிறகு நிர்வாகத்தாக்கள் ரண்டு பேர் பூச்செண்டும் கொண்டு அவளின்ர வீட்டுக்குப் போனவை. "நாங்கள் முற்போக்கான ஆக்கள். எங்கட நாட்டுச் சட்டத்திலை இருக்கிற மாதிரி, இஞ்சையும் நிர்வாகத்திலை தலித் பிரதிநிதி எண்டு புதுசாய் ஒரு இடம் வைக்கப்போறம். அதுக்கு உன்னை விட்டால் ஆர் பொருத்தம்?" எண்டவையாம். போன மாதம் வரைக்கும் அவள் பினிதா. இப்ப அவள் தலித் பிரதிநிதி. "நான் தலைவர் இடத்துக்கெல்லோ நிக்கிறன் எண்டு சொன்னனான்" எண்டு அவள் சொல்ல, "உனக்கெண்டு ஒரு கதிரை தந்திட்டம்தானே, மற்றவையின்ர கதிரையிலை ஏன் கண் வைக்கிறாய்?" எண்டவையாம், சிரிச்சுக்கொண்டு.

அண்டைக்கு அவள் அழுதுகொண்டு உன்னட்டை வந்தவள். நீ என்ன சொன்னனீ எண்டு உனக்கு ஞாபகமிருக்கோ? "அந்தச் சங்கத்தைத் தூக்கி எறி. நாங்கள் நோர்வேயிலை இருக்கிறம். எனக்கு இந்தச் சாதியெல்லாம் ஒண்டுமில்லை. நான் உன்னைத்தானே கட்டுறன்" எண்டனீ. சொல்லிப்போட்டு என்னோட சண்டை பிடிக்க வெளிக்கிட்டு வந்தனீ. என்னிலை கோவப்பட்டது சரி. ஆனால் அவளுக்கு நீ சொன்னது சரியோ எண்டு ஒருக்கால் யோசி. பினிதா பிறகு எனக்குச் சொல்லேக்கை நானும் அதைச் சரியெண்டுதான் நினைச்சன். என்ர பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளை எண்டு உள்ளுக்குள்ளை பெருமைப்பட்டன்.

அவள் தூக்கி எறியேல்லை. கூட்டத்துக்குப் போனவள், தலைவர் இடத்துக்கு நிண்டவள், தோத்தவள். தன்ர கட்டிலை விட்டுக் குடுத்திட்டு நிலத்திலை படுத்தாளே, அந்தப் பிள்ளையளும் மற்றப் பக்கந்தான் கை தூக்கினவையாம், அவளின்ர முகத்தைப் பாக்காமல். அந்தத் தலித் இடத்தை அவள் வேண்டாம் எண்டிட்டாள். "தலித் ஆக்கள் ஒருத்தரும் முன்வரேல்லை" எண்டு கூட்ட அறிக்கையிலை எழுதி வைச்சினமாம். பந்தியிலையே இருக்காதை எண்டவங்கள், அவள் எழும்பிப் போனவள் எண்டு எழுதுறாங்கள்.

அடுத்த நாள் ஞாயிறு, அவள் இஞ்சை வந்தாள். நீ இல்லாமல் தனிய வந்தது அதுதான் முதல் தரம். நான் பூசைக்குப் போகேல்லை, மாதர் சங்கத்து முகங்களைப் பாக்க விருப்பமில்லாமல் வீட்டிலை நிண்டனான். கதவைத் திறந்ததும், "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளு" எண்டன். "இருங்கோ ஆன்ட்டி, நான் அதுக்கு வரேல்லை" எண்டாள். தேத்தண்ணி வைச்சுக் குடுத்தன். கப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு தன்ர தாயின்ர கதையைச் சொன்னாள். உனக்குச் சொல்லியிருக்கிறாளோ தெரியாது. சொல்லியிருந்தால் நீ "அச்சோ" எண்டிட்டு விட்டிருப்பாய், ஆனபடியால் நான் திருப்பிச் சொல்லுறன்.

நேபாளத்திலை ஒவ்வொரு ஊர் வட்டாரச் சபையிலையும் ஒரு இடம் தலித் பொம்பிளைக்கு எண்டு சட்டம். ஏட்டிலை பாத்தால் எங்கட நாட்டிலையும் இல்லாத நல்ல சட்டம். தேர்தலுக்கு ஆள் போடேக்கை கட்சிக்காரருக்கு ஒரு தலித் பொம்பிளை வேணும், அவை மலை இறங்கிக் கீழ்க் குறிச்சிக்கு வந்து பினிதாவின்ர தாய் மாயாவைப் பிடிச்சவை. அதுக்கு முதல் அந்தக் கட்சியிலை ஒருத்தரும் அந்த வீட்டு முற்றத்துக்கு வந்ததில்லையாம். வந்தும் கதிரையிலை இருக்கேல்லை, தண்ணி வாங்கிக் குடிக்கேல்லை, நிண்டபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு போட்டினம். மாயா வீடு வீடாய் வாக்குக் கேட்டுப் போனவ. முற்றத்திலை நிண்டு கூப்பிட்டுத்தான் கேக்கலாம். "அம்மாவுக்கு வோட்டுப் போட்டவை, ஆன்ட்டி, நிறையப் பேர் போட்டவை. ஆனால் வாசற்படி மிதிக்க விடேல்லை" எண்டாள் பினிதா. தேர்தலிலை வெண்ட பிறகு சபைக் கூட்டத்துக்கு மாயாவுக்கு ஆள் அனுப்புறது கூட்டம் முடியிற நேரந்தானாம். வந்து கையெழுத்துப் போடு எண்டு சொல்லத்தான் அனுப்புவினம். மாயா கொஞ்சம் படிச்ச மனுசி, கையெழுத்துப் போட முதல் முழுக்க வாசிப்பா. அவைக்கு அதுதான் பிடிக்கேல்லை. "நாங்கள் எழுதினதிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?" எண்டு கேப்பினமாம்.

அவ வாசிச்சுக் கேட்டது ஒரு தண்ணிக் குழாய்க்குத்தான். மேலை இருந்து வாற குழாய் மேற்குறிச்சியோட முடிஞ்சு போகுது, கீழ்க் குறிச்சிக்கு இன்னும் கொஞ்சம் இழுத்தால் காணும். ஒவ்வொரு கூட்டத்திலையும் கேட்டிருக்கிறா. "நீயே சபையிலை இருக்கிறாய், பிறகு உன்ர ஆக்களுக்கு என்ன குறை?" எண்டு சொல்லிச் சிரிப்பினமாம். அடுத்த தேர்தலுக்கு மாயா, நான் இந்த முறை வட்டாரத் தலைவர் இடத்துக்கு நிக்கிறன் எண்டு கட்சியிட்டைக் கேட்டிருக்கிறா. "உனக்கெண்டு சட்டமே ஒரு கதிரை போட்டுத் தந்திருக்கு, மற்றவையின்ர கதிரையிலை ஏன் கண் வைக்கிறாய்?" எண்டினமாம். சொல்லுக்குச் சொல்லு அதுதான், ராசா. எந்தக் கடலைத் தாண்டினாலும் அந்த வசனம் அவளைத் தேடி வருது. அந்த முறை மாயாவுக்கு அந்தத் தலித் இடத்தையும் குடுக்கேல்லை. அதே குறிச்சியிலை வாசிக்கத் தெரியாத இன்னொரு மனுசியைப் பிடிச்சுப் போட்டவையாம். குழாய் இன்னும் மேற்குறிச்சியிலைதான் நிக்குதாம்.

தேத்தண்ணி ஆறிப் போச்சு. நான் எழும்பி வேறை வைக்கப் போகேக்கை அவள் கேட்டாள், "ஆன்ட்டி, நீங்கள் எந்தக் குறிச்சி?" குறிச்சி எண்ட சொல்லைத் தமிழிலையே சொன்னவள். நீதான் சொல்லிக் குடுத்திருப்பாய், அம்மா என்ன கேட்டவ எண்டு விளங்கப்படுத்தேக்கை.

நான் ஒரு நொடியும் யோசிக்கேல்லை. "கோயிலடிக் குறிச்சி. வெள்ளாளர்" எண்டன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசத்திலை நான் வாய் திறந்து சொல்லாத சொல்லு அது. நாக்கிலை தடக்கேல்லை. அவளுக்குத் தன்ர குறிச்சியின்ர பேரை ஒஸ்லோவிலை தன்ர நாட்டாக்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்க வேண்டி இருந்தது. எனக்கு என்ர குறிச்சியைச் சொல்லேக்கை, சொன்னால் நம்பு, முதுகு தானாய் நிமிர்ந்தது. அதை அவளும் கண்டவள். கண்டு, கப்பைக் கீழை வைச்சவள்.

"அவனுக்கு இது தெரியாது" எண்டாள் உன்னைப் பற்றி. "நான் ஒருக்கால் கேட்டுப் பாத்தன். சிரிச்சான். எங்கட வீட்டிலை அதெல்லாம் இல்லை, அப்பாவும் அம்மாவும் எங்களை அப்பிடி வளக்கேல்லை எண்டான்." எனக்கு அந்த இடத்திலையும் கொஞ்சம் பெருமை வந்தது, வெக்கங்கெட்ட மனம். "ஓம் பிள்ளை, நாங்கள் அவனுக்குச் சாதி சொல்லிக் குடுக்கேல்லை" எண்டன். அதுக்கு அவள் சொன்னதை நான் நோர்வேஜியத்திலை கேட்டதைத் தமிழிலை எழுதுறன், அவள் சொன்ன மாதிரி எழுத வருகுதோ தெரியாது. "என்ர அம்மாவுக்குச் சொல்லித் தராமல் இருக்க ஏலாது, ஆன்ட்டி. எந்தக் குழாயைத் தொடக்கூடாது, எந்தப் படியிலை ஏறக்கூடாது எண்டு நான் நடக்கப் பழகேக்கையே அவ சொல்லித்தர வேண்டி இருந்தது. இல்லாட்டி எனக்கு அடி விழும். உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற தேவை வரேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

உன்னை நாங்கள் சாதி தெரியாமல் வளத்தது எங்கட நல்ல குணம் எண்டு நான் இத்தனை நாளும் நினைச்சிருந்தன். தெரியத் தேவையில்லாத இடத்திலை பிறந்தனீ எண்டதுதான் உண்மை.

கதவடியிலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள், "நாளைக்கு நான் அம்மாவிட்டைப் போறன். கலியாணத்துக்கு நாள் குறிச்சது எனக்கு ஞாபகமிருக்கு, ஆனால் இப்ப என்னாலை ஓம் எண்டு சொல்ல ஏலாது. உங்களிலை எனக்குக் கோவம், ஆன்ட்டி. ஆனால் பயம் அவனிலைதான். நீங்கள் தெரிஞ்சு கேட்டீங்கள், உங்களோட நான் சண்டை பிடிக்கலாம். அவன் ஒண்டுமில்லை எண்டு சொல்லேக்கை நான் எங்கை போய்ச் சண்டை பிடிக்கிறது? நாளைக்கு எனக்கொரு பிள்ளை பிறந்து, அதுக்கு ஆரும் இதைச் செய்தாலும் அவன் அதையும் ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவான்." கட்டிப்பிடிக்கப் போனன். விட்டவள், ஆனால் அவளின்ர கை எழும்பேல்லை.

பின்னேரம் அப்பா வேலையாலை வர, எல்லாத்தையும் சொன்னன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சார். பிறகு நான் இத்தனை வருசம் கேள்விப்படாத ஒரு கதையைச் சொன்னார். வடக்கு நோர்வேயிலை, பாட்ஸ்பியோர்டிலை மீன் பக்டரியிலை அவர் இருந்த காலம். எல்லாருக்கும் ஒரே வெள்ளை உடுப்பு, ஒரே ரப்பர்ச் சப்பாத்து, எல்லாரிலையும் ஒரே மீன் மணம். அங்கை முதன்முதல் தமிழ்ச் சங்கம் துவங்கேக்கை, ரஞ்சன் எண்டு ஒரு பெடியன், நோர்வேஜியம் நல்லாய்க் கதைப்பான், முதலாளியோட நிண்டு வாதாடி எல்லாருக்கும் லீவும் சூடான அறையும் எடுத்துத் தந்தவன். அவனைத் தலைவராய்ப் போடுவம் எண்டு ஒருத்தர் சொல்ல, அவன் எந்தக் குறிச்சி எண்டு தெரிஞ்ச இன்னொருத்தர், "அவனுக்குத்தான் விளையாட்டுப் பொறுப்புக் குடுத்திருக்கே, பிறகென்ன" எண்டாராம். எல்லாரும் அதுக்குக் கை தூக்கினவை. அப்பாவும் தூக்கினவர். "நான் சாதி பாத்துத் தூக்கேல்லை, எல்லாரும் தூக்கினபடியால் தூக்கினனான்" எண்டார். சொல்லிப்போட்டுத் தானே, "அதுதானே அது" எண்டார். ரஞ்சன் அடுத்த பனிக்காலத்துக்கு முதல் தெற்கை எங்கையோ போட்டானாம். எங்கை எண்டு ஒருத்தரும் தேடேல்லை.

இதை ஏன் உனக்குச் சொல்லுறன் எண்டால், எங்கட வீட்டிலை அதெல்லாம் இல்லை எண்டு இனி நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. இருந்தது. சோத்தோடை சேத்துத்தான் உனக்கு ஊட்டினனாங்கள், உனக்கு ருசி தெரியேல்லை. நாங்கள் வெள்ளாளர், ராசா. ஊர்க் கோயில் உங்கட அப்பப்பாவின்ர ஆக்களின்ர கையிலை இருந்தது. முன் வாங்கு எங்கட ஆக்களுக்கு, கடைசி வாங்குக்குப் பின்னாலை நிலத்திலை இருந்து பூசை கண்டவையும் ஞானஸ்நானம் எடுத்த ஆக்கள்தான். பெருநாளுக்குப் புனிதரின்ர சுருவம் தூக்கிற தோள் எங்கட தோள், மற்ற ஆக்களைத் தூக்க விட மாட்டம் எண்டு ஒருக்கால் அடிபாடும் நடந்தது. அதிலை உன்ர அப்பப்பா எந்தப் பக்கம் நிண்டவர் எண்டு அப்பாவைக் கேள், அவர் இப்ப சொல்லுவார். இந்த நாட்டிலை எங்களைக் கறுப்பர் எண்டு பாத்தவங்களும் உண்டு, அது எனக்கு நல்லாய் நொந்தது. அந்த நோவை வைச்சே மற்ற நோவை விளங்கியிருக்க வேணும். விளங்கேல்லை. நான் பஸ்ஸிலை பட்ட அவமானத்தை வீட்டை வந்து சொல்லி அழுதிட்டு, அடுத்த நாள் கோப்பி மேசையிலை குறிச்சி கேட்டனான்.

அம்பிகாவிட்டை நேற்றுச் சொல்லிப்போட்டன், என்ர மருமகளைப் பற்றி இனி உன்ர வாயிலை ஒரு சொல்லு வரக்கூடாது எண்டு. "அக்கா, நீங்கள்தானே கேட்டனீங்கள்" எண்டா. மாதர் சங்கத்திலையும் எழும்பிச் சொன்னன், பிராமணர் எண்டு நான் சொன்னது பிழை, அவை இரும்படிக்கிற ஆக்கள், தேர்தலிலை வெண்ட மனுசியின்ர பிள்ளை எண்டு. கோப்பி ஊத்திக் கொண்டிருந்தவ எனக்குப் பக்கத்திலை இருந்தவவுக்கு ஊத்திப்போட்டு என்னைத் தாண்டிப் போட்டா. ஒரு கோப்பிக்கே எனக்கு நெஞ்சு எரிஞ்சது. அவள் பிறந்த நாளிலையிருந்து இதோட இருக்கிறாள்.

அவள் திரும்பி வருவாளோ எனக்குத் தெரியாது. வந்தாலும் உன்னட்டை வருவாளோ, அதுவும் தெரியாது. நான் கெடுத்ததை நீ திருத்தலாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. போறதெண்டால் நேபாளத்துக்குப் போ. அந்தக் கீழ்க் குறிச்சியிலை போய் இரு, மாயா தாற தண்ணியைக் குடி, அவ சொல்லுறதைக் கேள், நடுவிலை பூந்து ஆறுதல் சொல்லாதை. பினிதாவிட்டைக் கதைக்கேக்கை நாங்கள் என்ன ஆக்கள் எண்டு முதலிலை நீயாய்ச் சொல்லு, அவள் கேக்கும் வரைக்கும் இருக்காதை. அவள் பேசட்டும், பேச்சு வாங்கு. எனக்கு அதெல்லாம் ஒண்டுமில்லை எண்டு மட்டும் திருப்பிச் சொல்லிப்போடாதை, ராசா. உனக்கு அது ஒண்டுமில்லைத்தான்.

அம்மா